கைநாட்டும் மஞ்சள் முடிச்சும்

உழைத்து ஓய்ந்த தாயைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் தமிழில் ஒரு வாக்கியம் தயாராகக் காத்திருக்கிறது: கடவுள் நம்பிக்கையால் எட்டுப் பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். தா.பழூர், ஜெயங்கொண்டம் பக்கம் அச்சாகும் முதலாமாண்டு நினைவு மலர்களில் இதைப் பார்த்திருக்கிறேன். படத்திறப்பு அழைப்பிதழ்களில் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்கள் 'என் அம்மா' என்று எழுதித் தரும் கட்டுரைகளில் ஆண்டுதோறும் திருத்துகிறேன். பிழை ஒன்றும் இருக்காது, மதிப்பெண்ணும் போட்டுவிடுவேன். ஆனாலும் இந்த வாக்கியம் என்னை விடுவதில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் முதலில் உருபைத்தான் பார்க்கிறேன். 'நம்பிக்கையால்' என்பது மூன்றாம் வேற்றுமை, கருவிப் பொருள். வாளால் வெட்டினான் என்று வகுப்பில் எடுத்துக்காட்டு சொல்வோம். அப்படியானால் பிள்ளைகளை வளர்த்த கருவி நம்பிக்கை. களைக்கொத்து எங்கே போனது? கருக்கரிவாள் எங்கே? கொள்ளிடக் கரையில் பொன்னாற்றுப் பாசன வயல்களில் நாற்று முடி சுமந்த தலை, வடக்கே செம்மண் மேட்டில் கடலை ஆய்ந்த விரல், முந்திரிக்கொட்டை உடைத்துப் பால் பட்டு வெந்து கறுத்த உள்ளங்கை இவையெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே நிற்கின்றன. உழைப்பைப் பாராட்டுவதாகத் தொடங்கும் நினைவு மலர், மூன்றாம் வேற்றுமைக்கு வந்தவுடன் உழைப்பைக் கைவிட்டுவிடுகிறது. கூலியும் பங்கும் கேட்க முடியாத ஒன்றை, அதாவது பக்தியை, அந்த இடத்தில் வைத்துவிடுகிறது.

இதற்கு எதிர்வினையாக நம் பெண்ணிய விமர்சனத்தில் ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. பக்தியை விலங்கு என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது. அதுவும் எனக்கு உவப்பில்லை. மகன்கள் பக்தியைப் பாராட்டுகிறார்கள், நாம் கண்டிக்கிறோம். அந்தப் பெண்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று இரு தரப்புமே கேட்கவில்லை. அவர்கள் பேச்சில் நம்பிக்கை என்ற சொல்லே அரிது. வேண்டுதல், நேர்ச்சை, நேந்துக்கிட்டது, முடிஞ்சு வெச்சது என்றுதான் சொல்வார்கள். இவை மனநிலையைக் குறிக்கும் சொற்கள் அல்ல, கொடுக்கல் வாங்கலைக் குறிக்கும் சொற்கள்.

இந்த வேறுபாட்டை எனக்குக் காட்டிக்கொடுத்த நூல் வீரம்மாவுடையது. புதுச்சேரியை அடுத்த ஒரு கிராமத்தில், பறையர் குடியில் பிறந்து, வயல் கூலியாகவும் மருத்துவச்சியாகவும் வாழ்ந்தவர் வீரம்மா. பாட்டுக்காரர். நாட்டார் இசையை ஆராய வந்த ஜோசியான் ரசீன் அவருடைய பாடல்களைப் பதிவு செய்யப் போய், பத்தாண்டுக் காலம் அவருடைய வாழ்க்கையையே பதிவு செய்தார். ழான்-லுக் ரசீனும் சேர்ந்து அது 1995இல் பிரெஞ்சு மொழியில் நூலாயிற்று. அதன் துணைத் தலைப்பு, அடிமைப்பட்டோரின் சிரிப்பு என்று பொருள்படும். 1997இல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வீரம்மாவின் பெயர்தான் நூலாசிரியர் வரிசையில் முதலில் நிற்கிறது. இதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை. 'தகவல் தந்தவர்' என்று பின்னிணைப்பில் தள்ளப்பட்ட எத்தனையோ கிழவிகளை நாட்டார் வழக்காற்று நூல்களில் பார்த்தாயிற்று. தமிழில் பேசிப் பாடிய ஒருத்தியை நான் ஆங்கிலத்தில் படித்தேன் என்பது அந்த வாசிப்பின் கூச்சம். பல இடங்களில் இந்தச் சொல் எங்கள் பக்கத்தில் எப்படி ஒலித்திருக்கும் என்று வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துத்தான் நகர்ந்தேன்.

வீரம்மா பெற்றது பன்னிரண்டு. நின்றது மூன்று.

இந்தக் கணக்கை நினைவு மலரின் வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது. நம்பிக்கையால் வளர்த்து ஆளாக்கினார் என்று எழுத வேண்டுமானால் பிள்ளைகள் உயிரோடு இருந்தாக வேண்டும். ஒன்பது பிள்ளைகளைப் புதைத்த ஒருத்தியின் பக்தி எந்த வகையில் பலித்தது? வெற்றி பெற்ற தாயைப் பற்றித்தான் நம்மிடம் வாக்கியம் இருக்கிறது. ஆயிரம் கும்பிட்டும் இழந்த தாய்க்கு ஒப்பாரிதான் இருக்கிறது. அந்த ஒப்பாரியையும் அவளேதான் கட்ட வேண்டும்.

பிள்ளைகள் ஏன் இறந்தன என்பதற்கு வீரம்மாவிடம் விளக்கம் உண்டு. பேய், பிசாசு, பொல்லாத வேளை, கண்ணேறு. படித்த வாசகருக்கு இந்தப் பக்கங்களில் பொறுமை போய்விடும். ஊட்டக்குறை, சுத்தமில்லாத தண்ணீர், எட்டாத மருத்துவமனை என்று அவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும். என் மாணவி ஒருத்தி இந்த நூலைப் பற்றிய கலந்துரையாடலில் வெளிப்படையாகவே எரிச்சல்பட்டாள். இவ்வளவு பட்டும் இவருக்குக் கோபம் ஆண்டை மீது வரவில்லை, பேய் மீதுதான் வருகிறது என்றாள். சரியான எரிச்சல். நூலின் பின்னுரையும் இதே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. ஒடுக்குமுறையை இவர் ஏற்றுக்கொண்டுவிட்டாரா? ஆண்டையின் மீது விசுவாசம் ஒரு பக்கம், அந்த விசுவாசத்தைக் கேலி செய்து கட்சி அரசியலின் மொழியில் பேசும் மகன் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் வீரம்மா.

ஆனால் நூலை மறுபடி படித்தபோது நான் வேறொன்றைக் கவனித்தேன். ஆண்டையைப் பற்றிப் பேசும்போது வீரம்மாவின் பேச்சில் ஓர் அளவு இருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சாமிகளைப் பற்றிப் பேசும்போது அந்த அளவு இல்லை. மாரியம்மனும் பேய்களும் அவருக்கு அக்கம்பக்கத்தார் மாதிரி. குணம் தெரியும், குறை தெரியும், எதைக் கொடுத்தால் அடங்குவார்கள் என்று தெரியும். ஆண்டையிடம் நியாயம் கேட்டால் கூலி போகும். சாமியிடம் கேட்டால் போகாது. தன் வாழ்வில் முழுக் குரலில் பேரம் பேசக்கூடிய ஒரே அதிகாரம் சாமிதான் என்றிருக்கும் ஒருத்தி, நியாயம் கேட்பதற்கென்று இருக்கும் தன் சொற்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாள். இதை அடிபணிதல் என்று மட்டும் எப்படிப் படிப்பது? வேறு எங்கும் செலவழிக்க இடமில்லாத வழக்காடும் திறமை அது.

இதற்கு நேர் எதிரான ஒரு கோணம் பாமாவின் 'சங்கதி'யில் இருக்கிறது. 1994இல் வெளிவந்தது. வயலில் மாடாய் உழைத்து, வீட்டிலும் அடியும் உதையும் வாங்கும் பெண்கள் மீதுதான் பேய் ஏறுகிறது என்பதை அதில் கதைசொல்லி யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்கிறாள். வேலைக்கும் பயத்துக்கும் ஓய்வில்லாத மனம்தான் பேயாக வெடிக்கிறது என்று புரிந்துகொள்கிறாள். வீரம்மா தரும் விளக்கத்தின் அடிப்பலகையை பாமா தூக்கிக் காட்டுகிறார். ஒருத்தி உள்ளிருந்து சொல்கிறாள், மற்றொருத்தி ஓரடி தள்ளி நின்று சொல்கிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எனக்குப் படம் முழுமையாகிறது. மாணவிகளுக்கு நான் 'சங்கதி'யை முதலில் கொடுக்கிறேன், எரிச்சல் குறைகிறது.

மகன்கள் எழுதியவற்றில் மிக நேர்மையான நூல் என்று பெருமாள்முருகனின் 'தோன்றாத் துணை'யைச் சொல்வேன். கொங்கு நாட்டு விவசாயத் தாயைப் பற்றியது. அதில் அம்மா தெய்வமாக அல்ல, வேலை தெரிந்த ஆளாக வருகிறார். எந்த வேலையை எப்படிச் செய்வார் என்பதை மகன் அருகில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட நூலும் பெயர் தேடும்போது தேவாரத்துக்குத்தான் போகிறது. 'தோன்றாத் துணை' அப்பர் திருப்பாதிரிப்புலியூரில் பாடிய பதிகத்தின் சொல். கண்ணுக்குத் தெரியாமல் உடனிருக்கும் சிவனைக் குறித்தது. கடவுள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது கடவுளின் பெருமை. தாய் கண்ணுக்குத் தெரியாமல் போவது யாருடைய பெருமை? உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவைத் தோன்ற வைத்துவிட்டு, அட்டையில் தோன்றாதவளாக்கியிருக்கிறார் ஆசிரியர். நூலைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் மொழியில் தாயைப் போற்றும் சொற்களெல்லாம் ஏற்கெனவே கோயிலில் வாடகைக்குக் குடியிருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

கோயில் என்றதும் எங்கள் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சி நினைவுக்கு வருகிறது. தா.பழூருக்கு மேற்கே, அதே கொள்ளிடத்தின் வடகரை. வீரமாமுனிவர் அதைத் திருக்காவலூர் என்று அழைத்தார். அங்கே குடிகொண்ட அடைக்கல மாதா மீது கலம்பகம் பாடினார். (அவருடைய பெருங்காப்பியமான 'தேம்பாவணி'யின் தலைவன் என்னவோ சூசையப்பர்தான். 3615 பாடல்கள். மாதாவுக்குக் கலம்பகம், தச்சருக்குக் காப்பியம்.) அரியலூர்ப் பாளையக்காரரின் தீராத கட்டியை முனிவர் ஆற்றியதாகவும், அதற்கு நன்றியாக மாதா கோயிலுக்கு நிலம் எழுதி வைக்கப்பட்டதாகவும் எங்கள் பக்கத்தில் சாதி மத வேறுபாடில்லாமல் சொல்வார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் வடிவம். நோய் தீர்ந்தது, நிலம் கைமாறியது. ஆண் செய்த நேர்ச்சை பத்திரமாகிறது, கல்வெட்டாகிறது. அதே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றவும் முடி இறக்கவும் வரும் பெண்கள் தருவதெல்லாம் தங்கள் உடம்பிலிருந்து தருவது. தலைமுடி, நடை, பட்டினி, முட்டியில் ஊரும் தூரம். வேறென்ன இருக்கிறது அவர்கள் பெயரில்?

சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களும் எங்கள் மாவட்டங்களில் அதிகம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் அந்த அம்மனுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. பச்சைப் பட்டினி. துள்ளுமாவு, நீர்மோர், இளநீர், பானகம். பக்தர்கள் நலனுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள் என்பது ஐதீகம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம், நான் இரண்டையும் விடுவதாக இல்லை. தாய் என்றால் தெய்வமே ஆனாலும் பட்டினி கிடக்க வேண்டும் என்று ஒரு சமூகம் தன் எதிர்பார்ப்பைக் கருவறை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது என்பது ஒன்று. வீட்டில் கடைசியாகச் சோற்றுப் பானையைச் சுரண்டித் தின்னும் பெண்ணுக்கு, பட்டினியின் ருசி தெரிந்த ஒருத்தி மேலே உட்கார்ந்திருக்கிறாள் என்பது மற்றொன்று. பசி தெரிந்தவளிடம்தானே கடன் கேட்க முடியும்?

என் அப்பாயி அப்படிக் கடன் கேட்டவர். கொள்ளிடத்துப் படுகையில் குத்தகை நெல்லும், மேட்டில் கடலையும் வைத்துப் பிழைத்த குடும்பம். நினைவு மலர் எங்கள் வீட்டிலும் அச்சானது. அதில் ஏழு பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அப்பாயி சொல்லும் கணக்கு வேறு: "ஒம்பது பெத்தேன், ஏழு நிக்கிது." செத்த பிள்ளைகளையும் எண்ணிக்கையில் வைத்திருந்தது அவர் வாய் மட்டும்தான்.

மாட்டுக் கொட்டகையின் விட்டத்தில் அவருடைய மஞ்சள் துணி முடிச்சுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒன்னேகால் ரூபாய். ஒன்று சினைமாட்டுக்கு, ஒன்று சின்ன அத்தையின் கல்யாணத்துக்கு, ஒன்று குத்தகை நெல் பாக்கிக்கு. எது எதற்கென்று அவருக்கு மட்டுமே தெரியும். எழுத்து இல்லாத கணக்குப் புத்தகம். காரியம் முடிந்தால் முடிச்சு அவிழும், காசு மாரியம்மன் உண்டியலுக்குப் போகும். முடியாவிட்டால் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரு முடிச்சு ஆண்டுக்கணக்காகத் தொங்குவதைப் பார்த்து, ஏன் அப்பாயி இதை அவிழ்க்கவில்லை என்று கேட்டேன். "அவ செய்யல, நான் அவுக்கல" என்றார். அந்தக் குரலில் பணிவு துளியும் இல்லை. பாக்கி வைத்தவரைப் பற்றிப் பேசும் குரல் அது.

அந்தக் கைதான் பின்னாளில் பதிவு அலுவலகத்தில் மை தொட்டது. தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் பங்கில் மனைவிக்கும் மகள்களுக்கும் மகன்களோடு சமபாகம் உண்டு. தமிழ்நாடு 1989இல் ஒருபடி மேலே போய், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்று சட்டம் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமாகிப் போன மகள்களுக்கு அது பொருந்தாது. இந்தியா முழுமைக்கும் 2005இல் திருத்தம் வந்தபோது எங்கள் வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. அத்தைகளுக்குப் புதிய சட்டம் கைகொடுக்கவில்லை. பழைய சட்டம் கொடுத்ததை அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அப்பாயியும் அத்தைகளும் வரிசையில் நின்று விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டும் கையெழுத்தும் போட்டார்கள். விடுதலைப் பத்திரம்! தமிழில் இதைவிடக் கசப்பான தொகைச்சொல்லை நான் கண்டதில்லை. விடுபட்டது நிலம், விடுதலை யாருக்கு?

எங்கள் பக்கத்துப் பெண்கள் வாழ்நாளில் செய்யும் இரண்டு ஒப்பந்தங்களை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று அரசு முத்திரை போட்டது. அதில் அவள் தன்னிடம் இருப்பதைக் கைவிடுகிறாள். பதிலுக்கு அவள் என்ன பெறுகிறாள் என்று எழுத இடமே இருக்காது, அன்பினால் என்று எழுதிக்கொள்வார்கள். மற்றது மஞ்சள் துணியில் முடிந்தது. அதில் அவள் கேட்கிறாள், நிபந்தனை போடுகிறாள், கெடு வைக்கிறாள், எதிர்த்தரப்பு தவறினால் கொடுக்க மறுக்கிறாள். சட்டத்தின் மொழியில் சொன்னால், அவள் முழுமையான தரப்பாக இருப்பது இரண்டாவதில் மட்டுமே. அதைப் பக்தி என்று ஒரே சொல்லில் கட்டி நினைவு மலரில் வைத்துவிட்டால், முதல் ஒப்பந்தத்தில் நடந்ததும் அதோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. மகன்களுக்கு அம்மாவின் நம்பிக்கையை வியக்க முடிகிறது, பாகம் பிரித்ததைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இது பழங்கதை இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவின் சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 விழுக்காடுதான். நடவு வயலில் குனிந்து நிற்பவர்களை எண்ணினால் இந்த விகிதம் எப்படித் தலைகீழாகும் என்பதை எந்த மாணவியும் பேருந்தில் உட்கார்ந்தபடியே சரிபார்க்கலாம். 2019 முதல் நடுவண் அரசு ஆண்டுக்கு 6000 ரூபாய் விவசாயிக்குத் தருகிறது. பட்டாவில் பெயர் உள்ளவர்தான் விவசாயி. 2023 முதல் மாநில அரசு குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. அதை உரிமைத் தொகை என்று பெயரிட்டதையும், வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று அறிவித்ததையும் நான் வரவேற்கிறேன். ஆனாலும் ஒரே பெண்தான், அவள் தலைவி என்றால் தொகை உண்டு, விவசாயி என்றால் இல்லை.

நேர்ச்சையை நான் மிகைப்படுத்துகிறேன் என்று ஒரு தோழி சொன்னாள். கேட்பதெல்லாம் புருஷனுக்கும் பிள்ளைக்கும்தானே, தனக்கென்று எதைக் கேட்டார்கள் என்றாள். கனமான கேள்வி. பெண்களின் நேர்ச்சைகளில் பெரும்பகுதி அப்படித்தான், மறுக்கவில்லை. குடும்பத்தின் வழியாகத்தான் தனக்கு என்ற சொல்லையே அவர்கள் அடைய முடிந்திருக்கிறது. ஆனால் முழுவதும் அப்படியா என்று பார்க்க, சென்ற ஆண்டு 'என் அம்மா' கட்டுரையை எடுத்துவிட்டு வேறு பணி கொடுத்தேன். அம்மாவிடமோ அம்மாயியிடமோ உட்கார்ந்து அவர் செய்த நேர்ச்சைகளைப் பட்டியலிட வேண்டும். யாரிடம் கேட்டார், என்ன கேட்டார், என்ன தருவதாகச் சொன்னார், கிடைத்ததா, கொடுத்தாரா. அடைமொழி எதுவும் கூடாது, தியாகம் என்ற சொல் கண்டிப்பாகக் கூடாது.

நோட்டுகள் வந்தன. மகன் பிறக்க, மகளுக்கு வரன் அமைய, கணவன் குடியை விட என்று பக்கம் பக்கமாக எதிர்பார்த்தவைதான். நடுநடுவே வேறு மாதிரியும் இருந்தன. ஒருத்தியின் அம்மா, தனக்கு இனி பிள்ளை வேண்டாம் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்து நடந்து போயிருக்கிறார், வீட்டில் சொன்ன காரணம் வேறு. இன்னொருத்தியின் அம்மாயி, மாமியார் சாவியைத் தர வேண்டும் என்று முடிந்திருக்கிறார். தா.பழூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தியின் அம்மா, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கிடைத்தால் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். தண்ணீர் கிடைத்தது. பட்டா கணவர் பெயரில், இலவச மின் இணைப்பும் கணவர் பெயரில். பால்குடம் எடுக்கும் முன் வீட்டில் அவர் ஒன்று சொன்னாராம்: நேந்துக்கிட்டது நான், அதனால் மோட்டார் சுவிட்சை முதலில் நான்தான் போடுவேன், அப்படித்தான் ஆத்தாளிடம் சொல்லியிருக்கிறேன். ஆத்தாளிடம் சொன்னதை யாராலும் மாற்ற முடியவில்லை. அப்படிச் சொன்னாயா அம்மா என்று பிறகு மகள் தனியாகக் கேட்டிருக்கிறாள். அம்மா பதில் சொல்லாமல் மடை திருப்பப் போய்விட்டார் என்று நோட்டில் எழுதியிருந்தது.